இறால் பெட்டியில் வைத்த டப்பா

என் மகன் தேசிங்குக்கு,

இங்கே ஏரி நலம், இறால் நலம், உன் சின்னம்மாவின் முழங்கால் மட்டும் நலமில்லை. என் வாய் வழக்கம்போல நலம். நீ மங்களூர்ப் பக்கம் போனதிலிருந்து உன் போனை அடித்தால் ஒரு பெண்பிள்ளை கன்னடத்தில் ஏதோ சொல்கிறாள். நானும் அவளுக்குத் தமிழில் சொல்லிப் பார்த்தேன், தெலுங்கில் சொல்லிப் பார்த்தேன், எனக்குத் தெரிந்த நாலு வார்த்தை உருதுவில் மிரட்டியும் பார்த்தேன், மசியவில்லை. கடைசித் தெரு ஏழுமலை உன் படகுக்கே வேலைக்குக் கிளம்புகிறான் என்று கேள்விப்பட்டதும் பேனாவைக் கையில் எடுத்துவிட்டேன். எட்டாம் வகுப்பு வரை படித்தவன் நான். ஒன்பதாவதிலும் கால் வைத்தேன். என் கேள்விகளுக்குப் பதில் சொல்ல முடியாமல் வாத்தியார் மாற்றல் வாங்கிக்கொண்டு போய்விட்டதால்தான் படிப்பு நின்றது. நம் குப்பத்தில் என்னளவுக்கு நீளமாக எழுதக்கூடிய இன்னொருத்தன் இருந்தால் கொண்டுவந்து நிறுத்தச் சொல்.

இது மூலையில் உட்கார்ந்து படிக்கிற ரகசியக் கடிதம் இல்லை. கரையில் வலை காயும்போது படகில் இருக்கிற மற்றப் பையன்களையும் உட்காரவைத்துச் சத்தமாகவே படி. இதில் இருக்கிற சங்கதி மீசை முளைத்த ஒவ்வொருத்தனுக்கும் தெரிந்திருக்க வேண்டியது; ஒருத்தனுக்கும் தெரியாது என்பதற்கு நீயே சாட்சி. ஐஸ் பெட்டி வருகிற இடத்தில் மட்டும் குரலைத் தாழ்த்திக்கொள். அது நமக்குள் இருக்கட்டும்.

அந்தப் பையன்களுக்காக முதலில் முறை சொல்லிவிடுகிறேன். உன்னைப் பெற்றவர் என் அண்ணன், உனக்குப் பெரிய நைனா. வளர்த்தவன் நான், சின்ன நைனா. அண்ணனுக்கு ஏற்கெனவே மூன்று பிள்ளைகள். எனக்கும் உன் சின்னம்மாவுக்கும் ஒன்றும் இல்லை. நாலாவதாக நீ வந்தபோது, தலையில் ஈரம் காயுமுன் அண்ணன் உன்னைத் துண்டில் சுருட்டிக்கொண்டு வந்து சின்னம்மா மடியில் போட்டார். "இந்தாடா, உனக்கு வாய் மட்டும்தான் கீது, வாரிசு இல்ல. இத்த வச்சிக்கோ" என்றார். அந்த நேரத்தில் ஏரியில் மேய்ந்துகொண்டிருந்த பூநாரைகள் மொத்தமும் எழுந்து வந்து நம் வீட்டுக் கூரையை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுப் போயின. சின்னம்மா இதை ஒத்துக்கொள்ளமாட்டாள். "நான் அங்கதான இருந்தேன், ஒரு காக்காகூட வர்ல" என்பாள். உன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தவளுக்கு மேலே பறந்தது எப்படித் தெரியும்?

அந்தத் துண்டுப் பொட்டலம் வளர்ந்து, ரஹீம் பாயின் லோடு ஆட்டோவில் இறால் ஏற்றிப் போகிற ஆளாகி, தோணிரேவிலிருந்து கஸ்தூரியைக் கட்டிக்கொண்டு வந்து மூன்று வருஷம் ஆகிறது. இந்த மூன்று வருஷத்தில் அந்தப் பெண் குடித்த கஷாயத்தை ஏரியில் ஊற்றியிருந்தால் நண்டெல்லாம் கரையேறி ஓடியிருக்கும். எந்தக் கல்யாண வீட்டில் உட்கார்ந்தாலும் ஒருத்தி அவள் வயிற்றைப் பார்த்துவிட்டுத்தான் முகத்தைப் பார்ப்பாள். அவளுக்கு எடுத்த பரிசோதனை எல்லாம் சரியாக இருந்தது. "வீட்டுக்காரரையும் ஒருவாட்டி பாத்துடுங்க" என்று டாக்டரம்மா சொன்னதும் நீ யாருக்கும் சொல்லாமல் பொன்னேரி லேப்புக்குப் போனாய். திரும்பி வந்தவன் சோற்றைத் தொடவில்லை. கஸ்தூரியிடம், "எங்கிட்ட எல்லாம் செத்துப்போய்கிதாம். நீ உங்க அம்மா வூட்டுக்குப் போயி வேற ஒருத்தனப் பாத்துக்கோ" என்று சொல்லிவிட்டு, விடிந்ததும் பையைத் தூக்கிக்கொண்டு ரயிலேறிவிட்டாய். இதெல்லாம் பிறகு அவள் சொல்லித்தான் எங்களுக்குத் தெரியும். எங்களிடம் சொன்னது "மங்களூர்ல நல்ல சம்பளம்" என்கிற ஒரே பொய். அதையாவது கொஞ்சம் அழகாகச் சொல்லியிருக்கலாம். என் கையில் வளர்ந்தவன் நீ.

இப்போது நிலைமை இதுதான். கஸ்தூரி தோணிரேவில் இருக்கிறாள். வருகிற அமாவாசைக்கு அவள் அண்ணன்கள் நம் ஊர்ப் பஞ்சாயத்துக்கு வந்து, தங்கச்சியின் கல்யாணத்தைத் தீர்த்துவிடச் சொல்லிக் கேட்கப்போகிறார்கள். நீ நேரில் வந்து நின்று பேசாவிட்டால் தாலி திரும்பிவிடும். அதற்குமுன் நீ கிளம்பி வரவேண்டும் என்பதற்குத்தான் இத்தனை எழுத்தும். ஏன் வரவேண்டும் என்பதற்குக் காரணம் கண்டுபிடித்தவன் நான். போலீஸில் சேர்ந்திருந்தால் இந்நேரம் நான் எங்கேயோ இருந்திருக்கவேண்டியவன்.

போன வாரம் பழவேற்காடு கடைத்தெருவில் ரஹீம் பாயோடு டீ குடித்துக்கொண்டிருந்தேன். பாய் டீயை ஊதிக்கொண்டே, "இன்னா நைனா, உன் புள்ள உடம்புக்கு இன்னா? மருந்து சாப்பிடறானா?" என்றார்.

"எருமக்கடா மாதிரி கீறான். ஏன் பாய்?"

"அன்னிக்குப் பொன்னேரி லோடு போசொல்ல, எறால் பொட்டில ஐஸ நோண்டி ஒரு சின்ன டப்பாவ சொருவி வச்சான். இன்னாடா அதுன்னேன். மருந்து பாய், கெட்டுப்போவக் கூடாதுன்னான். ரயில்வே கேட்டுல மாட்டிகினோம், பேஜாராப் பூட்ச்சு. எறங்கி எறங்கி மேல ஐஸ அள்ளி அள்ளிப் போட்டுகினே இருந்தான். பொன்னேரி வந்ததும் எறால எறக்காத அத்த எடுத்துகினு ஓடனான்."

டீயைக் கீழே வைத்தேன். பொன்னேரி, டப்பா, ஐஸ். மூன்றையும் ஆண்டவன் எனக்குக் கொஞ்சம் தாராளமாகவே கொடுத்திருக்கிற மூளையில் போட்டு ஒரு சுழற்றுச் சுழற்றினேன். அது என்ன டப்பா என்று புரிந்தது. லேப்பிலேயே கொடுக்கக் கூச்சப்பட்டு நீ வீட்டிலிருந்து எடுத்துப் போயிருக்கிறாய். நம் கை இருக்கிறதே, அது பிறந்ததிலிருந்து ஒன்றைத்தான் கற்றிருக்கிறது. மீனா, ஐஸ். இறாலா, ஐஸ். சாவு வீட்டில் வெளியூரிலிருந்து மகன் வருகிறவரை காத்திருக்கவேண்டுமா, அதற்கும் ஐஸ். எது கெடக்கூடாதோ அதன்மேல் ஐஸ் போடு. ஆனால் தண்ணீரைவிட்டு எடுத்த மீனுக்கு ஐஸ் போடுவது அது செத்த பிறகு கெடாமல் இருக்கத்தானே? உயிரோடு இருப்பதற்கு எவனாவது ஐஸ் போடுவானா? இந்தக் கேள்வி உலகத்தில் முதன்முதலில் எனக்குத்தான் தோன்றியிருக்கவேண்டும்.

மறுநாளே சின்னம்மாவைக் கூட்டிக்கொண்டு பொன்னேரி போனேன். அந்த லேப்பில் வெள்ளைக் கோட்டுப் போட்ட அம்மா என்னைக் கண்டதும் எழுந்து நின்றார். மின்விசிறியைப் போடத்தான் எழுந்தார் என்று சின்னம்மா சொல்கிறாள். எதற்கென்றாலும் எழுந்தது எழுந்ததுதான். உன் பேரைச் சொல்லி ஆரம்பித்தேன்.

"ஒருத்தரோட ரிசல்ட்ட அடுத்தவங்ககிட்ட சொல்லமாட்டேங்க" என்றார்.

"நான் அடுத்தவன் இல்லம்மா. நைனா."

"நைனாவா இருந்தாலும் சொல்லமாட்டேன்."

"செரி, பொதுவா கேக்கறேன். ஒருத்தன் அத்த ஐஸ்ல வச்சு எடுத்துகினு வந்தா இன்னா ஆவும்?"

எழுதிக்கொண்டிருந்த பேனா நின்றது. "எத?"

"அத்தத்தாம்மா."

"ஐஸ்லயா?"

"எறாலுக்கு நடுவுல."

அந்த அம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டு இரண்டு கையாலும் நெற்றியைப் பிடித்துக்கொண்டார். தோள் குலுங்கியது. அழுகிறாரோ என்று சின்னம்மா பயந்துபோய் எட்டிப் பார்த்தாள். சிரிப்பு அடங்கின பிறகு அவர் சொன்னதை ஒரு வார்த்தை மாற்றாமல் எழுதுகிறேன், இதை மட்டும் இரண்டு தடவை படி: "அது மீன் இல்லைங்க. உசுரு. உடம்புச் சூட்டுலயே இருக்கணும். டப்பாவச் சட்டைக்குள்ள உடம்போட ஒட்டி வச்சுகிட்டு சீக்கிரமா கொண்டாந்து குடுக்கணும். ஐஸ்ல வச்சா அந்த அதிர்ச்சியிலயே அசைவு நின்னுபோயிடும். அப்படி வந்த ரிசல்ட்டு ஐஸ்ஸப் பத்தின ரிசல்ட்டுதான், ஆளப் பத்தினது இல்ல."

"அப்போ பெரிய ஆஸ்பத்திரில ஒறைய வச்சு வருஷக்கணக்குல வச்சிருக்காங்களாமே?" என்று மடக்கினேன். நான் யூடியூப் பார்க்கிறவன்.

"அது மருந்து கலந்து, படிப்படியா ஒறைய வைக்கிற முறைங்க. எறால் பொட்டி இல்ல." இன்னொன்றும் சொன்னார். சரியாகக் கொண்டுவந்து கொடுத்து அதில் குறை தெரிந்தாலுமே, ஒரு தடவையில் முடிவு சொல்வதில்லையாம். இடைவெளி விட்டு இன்னொரு தடவை பார்ப்பார்களாம். "திரும்ப வாங்கன்னுதான் எல்லார்கிட்டயும் சொல்றோம். பாதிப் பேரு மொத வார்த்தையிலயே எழுந்து ஓடிப்போயிடறாங்க" என்றார். அதைச் சொல்லும்போது என் முகத்தை ஒரு பார்வை பார்த்தார். பேரைச் சொல்லாவிட்டாலும் அது நீ எழுந்து ஓடின நாற்காலியைப் பற்றித்தான் என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

அந்தச் சுவரில் ஆண் உடம்பும் பெண் உடம்பும் உள்ளே எப்படி இருக்கிறது என்று கலரில் ஒரு படம் மாட்டியிருக்கிறது. வந்தது வந்தோம், அதையும் சொல்லுங்கள் என்று உட்கார்ந்துகொண்டேன். கூட்டம் இல்லாத நேரம், அவரும் சொன்னார். எனக்கு முக்கால்வாசி ஏற்கெனவே தெரியும் என்றாலும் மரியாதைக்காகக் கேட்டுக்கொண்டேன்.

முதலில் நம் சரக்கு. விதை இரண்டும் உடம்புக்கு வெளியே ஏன் தொங்குகின்றன என்று என்றைக்காவது யோசித்தாயா? இதயம், ஈரல் எல்லாம் பத்திரமாக உள்ளே இருக்க, இதை மட்டும் ஏன் வெளியே விட்டுவைத்தான்? உடம்புக்குள் இருக்கிற சூட்டில் விந்தணு விளையாதாம். அதைவிடக் கொஞ்சம் குளுமை வேண்டும். அதனால்தான் கத்தரி வெயிலில் பை தளர்ந்து இறங்குகிறது. மார்கழிப் பனியில் ஏரியில் இறங்கினால் சுருங்கி உடம்போடு ஒட்டிக்கொள்கிறது. "பாத்தியாம்மா, அதுக்குக் குளுமதான் புடிக்குது. புள்ள ஐஸ் வச்சதுல இன்னா தப்பு?" என்று உனக்காக வாதாடினேன். "நெழல்ல நிக்கிறதும் ஐஸ் ரூம்ல பூட்டி வைக்கிறதும் ஒண்ணாங்க?" என்றார். பதில் இருந்தது, சின்னம்மா இடித்ததால் சொல்லவில்லை.

விதைக்குள்ளே சிக்கு விழுந்த நைலான் வலை மாதிரி மெல்லிய குழாய்கள் சுருண்டு கிடக்கின்றன. அணு விளைவது அங்கே. விளைந்த உடனே அது நீந்திவிடாது. பின்பக்கம் ஒட்டியிருக்கிற இன்னொரு சுருள் குழாயில் கொஞ்ச நாள் கிடந்து முற்றிய பிறகுதான் வால் அடிக்கும் பக்குவம் வரும். விளைச்சல் முழுசாக முடிய இரண்டு மூன்று மாதம் ஆகிறது. ஆகவே இன்றைக்கு நீ கடுங்காய்ச்சலில் படுத்தால் அதன் பாதிப்பு பின்னால் வருகிற விளைச்சலில்தான் தெரியும். முற்றிய அணு அங்கிருந்து ஒரு நாளம் வழியாக மேலே ஏறி, சிறுநீர்ப்பைக்குப் பின்னால் சுற்றிக்கொண்டு வந்து, அங்கே இருக்கிற சுரப்பிகளின் நீரோடு கலந்து வெளியே வருகிறது. சிறுநீருக்கும் இதற்கும் வாசல் ஒன்றுதான். ஆனால் ஒன்று வரும்போது மற்றதற்குக் கதவு சாத்திக்கொள்ளும். இப்படி ஒரு மதகை நம் ஊரில் கட்டிக்கொடுக்க எந்த இஞ்சினியரால் முடியும்?

கவனித்துக் கேள், இதுதான் உனக்கு வேண்டியது. வெளியே வருகிற வெள்ளை நீரில் பெரும்பங்கு அந்தச் சுரப்பிகளின் நீர்தான். அணு அதில் துளியிலும் துளி. கண்ணால் பார்த்து யாரும் ஒன்றும் சொல்ல முடியாது. கரையில் நின்று ஏரித் தண்ணீரைப் பார்த்து உள்ளே இறால் இருக்கிறதா இல்லையா என்று சொல்லிவிட முடியுமா? அதேபோல மீசை, குரல், ஆசை, உடம்பு வலிமை இதெல்லாம் வேறு கணக்கு. அதே விதை சுரந்து நேராக ரத்தத்தில் கலக்கிற இன்னொரு சரக்கு செய்கிற வேலை அது. அணு ஒன்றுகூட இல்லாத ஆளுக்கும் அதெல்லாம் குறைவில்லாமல் இருக்கும். ஆம்பிளைத்தனத்தை லேப்பில் டப்பாவில் போட்டு அளக்க முடியாது, தேசிங்கு. அளக்க முடிந்திருந்தால் என்னுடையதை வைக்க அந்த லேப்பில் இடம் போதாது.

இனி பெண் உடம்பு. அந்தப் படத்தைப் பார்த்ததும் "இது நம்ம ஏரிம்மா!" என்று கத்திவிட்டேன். கர்ப்பப்பை தலைகீழாகத் தொங்கவிட்ட பேரிக்காய் மாதிரி, அவள் கை மூடினால் வருகிற அளவுதான். கீழே அதற்கு ஒரு வாய், நம் முகத்துவாரம் மாதிரி. நம் முகத்துவாரம் எப்போதும் திறந்தா கிடக்கிறது? பல நாள் மணல் மேடு தட்டி அடைத்துக்கிடக்கும். வெள்ளம் வந்தால் திறக்கும். அப்போதுதான் கடலில் பொரித்த இறால் குஞ்சு ஏரிக்குள் ஏறும். கர்ப்பப்பை வாயும் அப்படித்தான். பல நாள் கெட்டியான சளி அடைத்துக்கொண்டிருக்கும். முட்டை வெளியாகிற நாட்களில் மட்டும் அது இளகி நீர்த்து வழி விடும். கோடிக்கணக்கில் குஞ்சு கடலில் கிளம்பினாலும் ஏரிக்குள் வந்து பிழைப்பது கொஞ்சம்தானே? அணுக்களும் கோடிக்கணக்கில் கிளம்புகின்றன. முட்டை வரை போய்ச் சேருவது விரல்விட்டு எண்ணுகிற அளவு. உள்ளே நுழைவது ஒன்றே ஒன்று. நீயும் நானும் படகில் சோம்பேறிகளாய் உட்கார்ந்திருக்கிறோமே, ஒவ்வொருத்தனும் அப்படி ஒரு பந்தயத்தில் ஜெயித்து வந்தவன். நான் எவ்வளவு தூர வித்தியாசத்தில் ஜெயித்திருப்பேன் என்பதை நீயே ஊகித்துக்கொள்.

அந்தப் பேரிக்காயின் மேல்பக்கம் இரண்டு கால்வாய்கள் பிரிந்து போகின்றன. அவற்றின் நுனியில் விரல் விரித்த மாதிரி குஞ்சம். பக்கத்திலேயே வாதுமைக்கொட்டை அளவில் இரண்டு முட்டைப்பைகள். நாம் கிழவனாகிறவரை புதிது புதிதாக விளைவித்துக்கொண்டே இருக்கிறோம். பெண் அப்படியில்லை, தன் முட்டைகளைப் பிறக்கும்போதே கொண்டுவந்துவிடுகிறாள். மாதத்துக்கு ஒன்று முற்றி வெளியே வரும். விரல் குஞ்சம் அதைத் தடவி எடுத்துக் கால்வாய்க்குள் விடும். அது அங்கே ஒரு நாள்தான் காத்திருக்கும். நம் அணு நாலைந்து நாள் உள்ளே தங்கிக் காத்திருக்கக்கூடியது. இரண்டும் சந்திப்பது அந்தக் கால்வாயில். கர்ப்பப்பைக்குள் சந்திக்கிறது என்றுதான் நான்கூட நினைத்திருந்தேன். சந்தித்தபின் உருண்டு உருண்டு இறங்கிவந்து கர்ப்பப்பைச் சுவரில் ஒட்டிக்கொள்கிறது. ஆணா பெண்ணா என்பதை முடிவு செய்வதும் நம் அணுதான், அவள் முட்டை இல்லை. அடுத்தடுத்துப் பெண் பிறந்ததென்று பெண்டாட்டியை ஏசுகிறவன் எவனாவது உன் படகில் இருந்தால், இந்த இடத்தைத் திரும்பப் படி.

அதுவரை வாய் திறக்காத சின்னம்மா, படத்தைப் பார்த்துக்கொண்டே, "அப்போ மாசாமாசம் போறது கலீஜ் ரத்தம் இல்லியாம்மா?" என்று கேட்டாள். "கலீஜ் இல்லம்மா. வர்ற கொழந்தைக்குன்னு உள்ள மெத்த போட்டு வைக்குது. அந்த மாசம் கொழந்த வரலன்னா அந்த மெத்தையச் சுருட்டி வெளிய போட்டுட்டு, அடுத்த மாசம் புதுசாப் போடுது" என்றார். திரும்பி வரும்போது பஸ்ஸில் நான் நாட்டு நடப்பையெல்லாம் பேசிக்கொண்டு வந்தேன். காட்டூர் தாண்டியதும் சின்னம்மா ஜன்னல் பக்கம் பார்த்தபடி, "எத்தினி மெத்த போட்டு எத்தினி மெத்த சுருட்டிருக்கும் என் வயிறு" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். எனக்கு அதற்கப்புறம் நாட்டு நடப்பு மறந்துவிட்டது.

வீட்டுக்குப் போகாமல் நேராகத் தோணிரேவுக்குப் போனோம். கஸ்தூரி வாசலில் உட்கார்ந்து இறால் தலை கிள்ளிக்கொண்டிருந்தாள். அவள் பெரியண்ணன் என்னைப் பார்த்ததும், "அமாவாசைக்குத்தான பஞ்சாயத்து, அதுக்குள்ள இன்னா வந்துகிற?" என்றான். அவனைக் கையமர்த்திவிட்டு, நடந்தது எல்லாவற்றையும் அவளிடம் சொன்னேன். கிள்ளுவதை விட்டுவிட்டு நிமிர்ந்தாள்.

"எறாலுக்கு நடுவுலயா மாமா?"

"ஆமாம்மா."

"வெள்ள எறாலா, டைகரா?"

"அத்த கேக்கலியே."

சிரிக்க ஆரம்பித்தாள். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பெரியண்ணனும் வாசற்படியைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். அவள் சிரிப்பு எந்த இடத்தில் அழுகையாக மாறியது என்று நானும் பார்க்கவில்லை. கையில் இருந்த இறாலைச் சட்டியில் வீசி எறிந்தாள். "எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லிருந்தா, நான் மடியில கட்டி எடுத்தாந்திருப்பேனே மாமா. அம்மாம் பெரிய லோடு ஆட்டோல எனக்கு எடம் இல்லாதையா பூட்ச்சு?" என்றாள். மூக்கை உறிஞ்சிக்கொண்டு சொன்னாள்: "ரிசல்ட்டு நல்லா வரும், வாடான்னு எழுதாதீங்க. கெட்டதா வந்தாலும் வரணும்னு எழுதுங்க. செத்துப்போச்சுன்னு சொன்னதுக்கு எனக்குக் கோவம் இல்ல. ஓடிப்போனதுக்குத்தான் கோவம்."

பெரியண்ணன் சிரிப்பை நிறுத்திக்கொண்டு, "அவன் நேர்ல வந்து நின்னா பஞ்சாயத்து இல்ல. வரலன்னா உண்டு" என்றான். நியாயமான பேச்சு. என் தங்கையாக இருந்தால் நானும் அதைத்தான் சொல்லியிருப்பேன், இன்னும் கொஞ்சம் விஸ்தாரமாக.

ஆகவே கெட்டதாக வந்தால் என்ன என்பதையும் நானே எழுதிவிடுகிறேன். அதைப்பற்றி எழுத இந்த ஏரிக்கரையில் என்னைவிடத் தகுதியான ஆள் கிடையாது. எனக்குக் கல்யாணத்துக்கு முன்னால் பொன்னுக்கு வீங்கி வந்தது. கழுத்தில் வீங்கியது கீழேயும் இறங்கி, விதை இரண்டும் பழுத்துப்போய்ப் படுத்துக்கிடந்தேன். அதிலேயே விளைநிலம் கருகிப்போயிருக்கிறது; பல வருஷம் கழித்து மதராஸ் ஆஸ்பத்திரியில் டாக்டர் சொல்லித்தான் தெரிந்தது. அந்தச் சமயத்தில்தான் ஏரியில் பாடு பிரிக்கப் பஞ்சாயத்து கூடியது. பாடு என்பது ஏரியில் எந்த இடத்தில் எந்த நாள் யார் வலை கட்டுவது என்று சீட்டுப் போட்டுக் கொடுக்கிற முறை. அப்பனுக்குப் பின்னால் கல்யாணமான மகனுக்குப் போகிற உரிமை. கூட்டத்தில் ஒருத்தர் எழுந்து, "இவன் பாடு இவனோட அத்துப்பூடும். பொண்டாட்டி மலடி. வேற ஒருத்தியக் கட்டிக்கச் சொல்லுங்க" என்றார்.

நான் எழுந்தேன். "கொறை அவகிட்ட இல்ல, எங்கிட்ட. டாக்டரு சொல்ட்டாரு. இனிமே அவள எவனாவது மலடின்னு சொன்னான், அவன் வலைய நான் கிழிப்பேன்" என்றேன். எதையும் கொஞ்சம் கூட்டிச் சொல்கிறவன் நான். உனக்கும் தெரியும், ஊருக்கும் தெரியும். இதை மட்டும் கூட்டாமல் சொல்கிறேன். பேசும்போது பக்கத்திலிருந்த தூணைப் பிடித்துக்கொண்டேன். பேசி முடித்து உட்கார்ந்தபோது யாரும் என்னைப் பார்க்கவில்லை. அண்ணன் மட்டும் எழுந்து வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். வீட்டுக்குப் போனால் சின்னம்மா வஞ்சிரக் குழம்பு வைத்துக்கொண்டிருந்தாள். "இன்னாத்துக்கு ஊரு பூரா சொன்னே?" என்று கேட்டாள். பெரிய துண்டாகப் பார்த்து எனக்கு வைத்தாள். அதற்கு அடுத்த வருஷம்தான் நீ துண்டில் சுருண்டு வந்தாய். உன் கல்யாணத்தன்று உன்னை என் மகன் என்று சொல்லிப் பாடுப் பட்டியலில் பேர் சேர்த்தபோது, மலடி என்று சொன்ன அதே பெரியவர்தான் உன் கையில் வெற்றிலை எடுத்துக் கொடுத்தார்.

ஊரில் எனக்குக் கெளுத்தி என்று பேர் வைத்திருக்கிறார்கள், வாய் பெரிது என்று. வைக்கட்டும். வலையில் விழுந்த ஆண் கெளுத்தியின் வாயைத் திறந்து பார்த்திருக்கிறாயே, கோலிக்குண்டு மாதிரி முட்டை நிறைந்திருக்கும். முட்டை போடுவது பெட்டை. வாயில் வைத்துச் சுமப்பது கிடா. பொரித்துக் குஞ்சு நீந்திப் போகிறவரை அது ஒரு வாய் இரை எடுக்காது, தலை மட்டும் பெரிதாக, உடம்பு வற்றிப்போய்த் திரியும். பெறுவது உடம்பு செய்கிற வேலை, தேசிங்கு. அது ஒருத்தனுக்கு வாய்க்கும், ஒருத்தனுக்கு வாய்க்காது. அதில் நம் சாமர்த்தியம் ஒன்றும் இல்லை. சுமப்பதுதான் நம் கையில் இருக்கிறது. எனக்குப் பிள்ளை இல்லை என்று அந்த டாக்டர் சொன்னாரே, அப்படியானால் நான் இத்தனை நேரமும் யாருக்கு எழுதிக்கொண்டிருக்கிறேன்?

ஏழுமலை கையில் இதைக் கண்டதும் கணக்கு முடித்துக் கிளம்பு. அமாவாசைக்கு முன்னால் ஊர் வந்து சேர். ரஹீம் பாயிடம் சொல்லிவைத்திருக்கிறேன். பின்னால் பெட்டியில் இறால் மட்டும் போகட்டும். டப்பா உன் சட்டைக்குள் இருக்கட்டும், பக்கத்தில் கஸ்தூரி இருக்கட்டும். நான் முன்னால் உட்கார்ந்து வருகிறேன். ரயில்வே கேட் மூடியிருந்தால் ரயிலை நிறுத்துவது என் பொறுப்பு. லேப்பில் என்ன சொன்னாலும் மூன்று பேரும் உட்கார்ந்து கடைசி வார்த்தைவரை கேட்டுவிட்டுத்தான் எழுந்திருக்கிறோம்.

பாடுப் பட்டியலில் உன் பேருக்கு மேலே தன் பேர் இருப்பதை இன்னும் வருகிறவன் போகிறவனிடமெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிற,
உன் சின்ன நைனா.

மடிக்கப்போகும்போது சின்னம்மா நிறுத்தி, ஒரு வரி சேர்க்கச் சொல்கிறாள். அவள் சொன்னபடியே எழுதுகிறேன்: "புள்ள மட்டும் வந்து வாசல்ல நிக்கட்டும், அன்னிக்குப் பூநார வந்துச்சுன்னு நானும் சொல்றேன்."